விரிப்புக்குப் பின்னால் இருப்பவள்

“பூனையோடயா ஆடினான்?”

“பூனையோடதான், அண்ணி. விரிப்போட ஒரு பக்கத்த இவன் பிடிச்சிருக்கான், மறுபக்கத்த அது கடிச்சிட்டு நிக்குது.”

“அது எப்படிடி நடந்து கிட்ட வரும்?”

இந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் ஒரு முழு விரிப்பு மடிந்து அடுக்கில் ஏறிவிட்டது. அடுத்த விரிப்பின் முனைகள் ஒன்றையொன்று நெருங்கியபோதுதான் நாத்தனாரின் முகம் மறுபடி அருகில் வந்தது.

“அது வரல. இவன்தான் போறான்.”

சொல்லிவிட்டுக் குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போய்விட்டாள். வந்த சிரிப்பை யாரிடமும் காட்ட முடியாமல் அண்ணி இந்தப் பக்கத்தில் தனியாக நின்றாள்.

அந்தச் சலவைக்கூடத்தில் பேச்சு இப்படித்தான் நடக்கும். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் துணியைத் துவைத்துக் கொடுக்கிற இடம் அது. மெஷின்கள் போடுகிற இரைச்சலில், கை எட்டும் தூரத்துக்கு அப்பால் நிற்பவரிடம் எதைச் சொன்னாலும் சுவரிடம் சொன்ன மாதிரிதான். சின்ன விரிப்புகளை மடிக்க ஒரு இயந்திரம் உண்டு. பெரிய கட்டில் விரிப்புகள் அதற்கு அடங்காது. அவற்றை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று கையால்தான் மடிக்க வேண்டும். விறைப்பாக இழுத்து, ஒரு உதறு உதறி, நெருங்கி வந்து முனைகளைச் சேர்க்கிற அந்த ஒரு மூச்சு நேரம்தான் பேசக் கிடைக்கும். இவள் கேட்டால் அவள் அடுத்த விரிப்பில் பதில் சொல்லுவாள். கொஞ்சம் பெரிய விஷயம் என்றால் ஒரு தள்ளுவண்டி காலியாகும்வரை ஓடும். இப்போது துண்டுப் பிரிவில் இருக்கும் அக்கா, முன்பு விரிப்புப் பிரிவில் இருந்தபோது தன் பிரசவக் கதையைத் தொடங்கி, அது முடிவதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அண்ணி என்பதே அவளுடைய பெயராக ஆகிப்போயிருந்தது. கணவன் அங்கேயே மெக்கானிக். அவனுடைய தங்கை அவளை அண்ணி என்று கூப்பிட, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவளைவிட வயதில் மூத்த சூப்பர்வைசர்கூட, “அண்ணி, அந்த மூட்டை என்னாச்சு” என்றுதான் கேட்பார். தங்கைக்கு வாலு என்று பெயர். யார் வைத்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

பூனையோடு ஒருவன் ஆடிய அந்த வீடியோவின் பாட்டைப் போட்டவன் மெக்கானிக். கூடத்தின் மூலையில் இருந்த பெரிய மெஷினுக்கு ஒரு கால் சரியில்லை. தண்ணீரைப் பிழிந்து சுற்றும்போது அது நொண்டி நொண்டித் தடதடக்கும். அதைச் சரிபண்ணச் சொல்லி சூப்பர்வைசர் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தார். மெக்கானிக்கோ, இன்னிக்கு ஸ்பேனர் இல்லை, நாளைக்கு ஆணி இல்லை என்று இழுத்தடித்தான். அவன் அந்த நொண்டல் சத்தத்தைப் போனில் பதிந்துகொண்டிருந்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதன் மேல் ஒரு மெட்டைப் போட்டு, துண்டுகள் அடுக்கிவைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தங்கையைப் பாடவைத்தான். நாலு சுவரும் துண்டாக இருந்த அந்த அறையில் அவள் குரல் அப்போதுதான் துவைத்து எடுத்த மாதிரி விழுந்தது.

கிட்ட வா கிட்ட வா
முனையும் முனையும் சேரட்டும்
எட்டப் போ எட்டப் போ
இழுத்துப் புடிச்சுப் பாக்கட்டும்

பாட்டு அவ்வளவுதான். இதையே திரும்பத் திரும்பப் பாடவேண்டியது. இதற்குப் படம் வேண்டுமே என்று, தள்ளுவண்டியின் மேல் போனைச் சாய்த்துவைத்து, அண்ணியும் வாலுவும் மடிப்பதையே எடுத்தார்கள். வாலு பின்னால் வரும் ஒவ்வொரு தடவையும் போனைத் திரும்பிப் பார்த்துப் பாடினாள், இடுப்பை ஒடித்தாள், கண்ணடித்தாள். அண்ணி குள்ளம். விரிப்பின் ஓரம் தரையில் படக்கூடாது என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, போதாததற்குக் குதிகாலையும் உயர்த்தி, கால்விரல்களில் நின்றுதான் அவள் பிடிப்பாள். அதனால் படத்தில் அவள் முகமே இல்லை. மேலே பத்து விரல்கள், நடுவில் வெள்ளையாக ஒரு பெரிய சுவர், கீழே இரண்டு பாதங்கள். அந்தப் பாதங்களில் ஒன்றில் நீலக் காலுறை, மற்றதில் பழுப்பு. ஓட்டல் மூட்டைகளில் ஒற்றையாக வந்து சேரும் காலுறைகளை யாரும் தேடி வருவதில்லை. அவற்றை ஒரு பெட்டியில் போட்டுவைத்து, தேவைப்பட்டவர்கள் எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

பாட்டு எப்படிப் பரவியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு நர்சுகள் ஆடிப் போட்டார்களாம். அது போதுமாக இருந்தது. அதற்கப்புறம் தீயணைப்புக்காரர்கள் ஆடினார்கள். கப்பலின் மேல்தளத்தில் இரண்டு மாலுமிகள் ஆட, பாதிப் பாட்டில் காற்று விரிப்பைப் பிடுங்கிக் கடலுக்குக் கொண்டுபோனது. கூட ஆட ஆள் இல்லாத ஒருத்தி மறுமுனையைக் கதவுப் பிடியில் கட்டிவிட்டு ஆடினாள். விரிப்புச் சவால் என்று அதற்குப் பெயரும் வந்தது. சவாலுக்கு விதிகளும் தாமாகவே முளைத்தன. இரண்டு பேர், ஒரு விரிப்பு. முன்னால் நிற்பவர் பாட வேண்டும். பின்னால் நிற்பவர் முகம் தெரியக் கூடாது, இரண்டு நிறத்தில் காலுறை போட வேண்டும், கால்விரல்களில் நிற்க வேண்டும். மலை மாதிரி வளர்ந்த ஒரு கூடைப்பந்துக்காரன் விரிப்புக்குப் பின்னால் தலையை மறைக்க முழங்காலை மடக்கி, மடக்கிய காலோடு குதிகாலையும் தூக்கிக்கொண்டு தடுமாறியதை அண்ணி பார்த்தாள். அந்த எம்பல், எட்டாத ஒரு குள்ளச்சியின் எம்பல் என்று அவனுக்குத் தெரியாது.

சமையலறையில் அடுப்பில் சாதம் வேகும்போது அவள் இதையெல்லாம் பார்ப்பாள். போனை உப்பு ஜாடியில் சாய்த்துவைத்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். எந்தெந்த ஊரிலோ, எந்தெந்தக் கூரைக்கடியிலோ, பூப்போட்ட விரிப்பும் கட்டம் போட்ட விரிப்புமாக, அதன் பின்னால் முகம் தெரியாத ஒருத்தர். அத்தனை பேரும் அவள்தான். நினைக்கும்போது அவளுக்கு வயிற்றுக்குள் ஏதோ இனிப்பாகக் கரையும். வெளியில் சொல்லவில்லை. சொல்லுவதற்கு அதில் என்ன இருக்கிறது. அந்தக் கால்களைப் பார்த்தால் ஆம்பளைக் கால் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்ததை மெக்கானிக் கண்டுபிடித்து, சாப்பிடும்போதெல்லாம் அவளை ‘சார்’ என்று கூப்பிட்டான்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் பாட்டுக் கம்பெனிக்காரர் வந்தார். மழையில் நனைந்த குடையோடு துணிக்கூடத்துக்குள் நுழைந்து, ஒரு சொட்டு சிந்தியதற்கு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஊர் ஊராக மேடை போட்டு இந்தப் பாட்டை ஆடவைக்கப் போகிறார்கள், பார்க்க வந்தவர்களும் கூடவே ஆடுவார்கள், அதற்கு ஆள் வேண்டும் என்று அவர் வாலுவிடம் பேசிவிட்டுப் போனார்.

அன்று பிற்பகல் வாலு மடிப்புக்கு வந்து நின்றபோதே அவள் முகத்தில் ஏதோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒரு விரிப்பில் கம்பெனிக்காரர் வந்ததைச் சொன்னாள். அடுத்ததில் ஊர்களின் பெயரைச் சொன்னாள். பாதிதான் அந்த மூச்சில் அடங்கியது. வண்டியில் கடைசி விரிப்பைப் பிரித்து, உதறி, கிட்ட வந்தபோது கேட்டாள்.

“உங்களையும் கேட்டாங்க அண்ணி. வரீங்களா?”

“எனக்கு எதுக்குடி அதெல்லாம்.”

இங்கே அண்ணியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் எதற்கும் முதல் தடவை சரி என்று சொன்னதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும், டீ வேண்டுமா என்று அவர்கள் கேட்டால், இப்பதான் குடிச்சேன் என்பாள். இரண்டாம் முறை கேட்டால், உங்களுக்கு எதுக்கு சிரமம் என்பாள். மூன்றாம் முறை கேட்டால், அரை டம்ளர் போதும் என்று முழு டம்ளரையும் குடிப்பாள். வளர்ந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான். மெக்கானிக் முதன்முதலாக, கட்டிக்கிறியா என்று கேட்டபோது, இப்ப என்ன அவசரம் என்றாள். அவனும் நல்ல பையனாகத் தலையாட்டிவிட்டுப் போய், வேறு ஊருக்கு வேலைக்கு எழுதிப்போட்டான். நல்லவேளையாகக் கிளம்பும் அன்று பஸ் நிலையத்தில் வைத்து இன்னும் இரண்டு தரம் கேட்டான். அதிலிருந்து அவன் எதையும் அவளிடம் மூன்று தடவை சேர்த்தே கேட்பான். “சாதம் வேணுமா, வேணாமா, வேணும்தானே” என்று ஒரே மூச்சில் முடித்துக் கரண்டியைக் கவிழ்ப்பான்.

வாலு வேறு மாதிரி. கேட்டால் எடுத்துக்கொள்வாள், கேட்காவிட்டாலும் எடுத்துக்கொள்வாள். வேண்டாம் என்றால் அவளுக்கு வேண்டாம்தான்.

அண்ணி அடுத்த விரிப்புக்காகக் காத்திருந்தாள். இன்னொரு தடவை கேட்டதும், நான் வந்தா வீட்டை யார் பாக்கறது என்று சொல்லலாம். மூன்றாம் தடவை கேட்டதும், சரி பாக்கலாம் என்று சொல்லலாம். மனசுக்குள் எல்லாம் அடுக்கிவிட்டாள். ஆனால் வண்டி காலியாகிவிட்டிருந்தது. அடுத்த வண்டி வருவதற்குள் சூப்பர்வைசர் வாலுவை மேலே ஆபீசுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயந்திரம் சாப்பாட்டு மேசையில் வாலு அண்ணனிடம், “அண்ணி வரலைன்னுட்டாங்க” என்று சாதாரணமாகச் சொன்னாள். அண்ணி சட்டியிலிருந்து நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். இவன் கேட்பான். மூன்று தடவை சேர்த்துக் கேட்பான். அவனோ, விரிப்புக்குப் பின்னால் முகத்தைக் காட்டாமல் நின்றவள்தானே, கூட்டம் என்றால் கூசுவாள் என்று அவளுக்காகவே நினைத்துக்கொண்டு, அவளைக் காப்பாற்றுகிற மாதிரிப் பேச்சை மாற்றினான். அதற்கு மேல் மாமியார் வேறு மகிழ்ந்துபோய், என் மருமக அந்த மாதிரி ஆசைக்கெல்லாம் பறக்கிறவ இல்லை என்று அவள் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். பாராட்டுக்கு மறுபேச்சு பேச முடியுமா. அண்ணி சாப்பிட்டாள்.

இரண்டொரு நாளில், விரிப்புக்குப் பின்னால் நிற்கக் கம்பெனி ஒரு நடனக்காரியை அனுப்பியது. தலை நிறையச் சுருட்டை. வந்த அன்றே கூடத்தில் அவளுக்குச் சுருட்டை என்று பெயர் விழுந்தது. அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்தாள். அவளை வெறுக்கலாம் என்று அண்ணி நினைத்திருந்தாள். அதற்கு அந்தப் பெண் வழியே கொடுக்கவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். மடித்து முடித்த அடுக்கின் மேல் கைப்பையை வைக்காமல் தரையில் வைத்தாள். கடையில் புதிதாக வாங்கிய இரண்டு ஜோடிக் காலுறையைப் பிரித்து, ஒன்றில் ஒன்று இன்னொன்றில் ஒன்று என்று மாட்டிக்கொண்டு வந்து, “இது சரியா இருக்குங்களா அண்ணி” என்று காலை நீட்டிக் காட்டினாள். முனைகளை எப்போது கைமாற்றுவது, நடுமடிப்பை எப்படித் தாடைக்கடியில் இடுக்கிக்கொள்வது என்பதெல்லாம் அவளுக்கு மதியத்துக்குள் வந்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாள்.

“அந்த எம்பி நிக்கறது எதுக்கு அண்ணி? ஏதாவது அர்த்தம் இருக்கா?”

“அது அப்படித்தான்மா,” என்றாள் அண்ணி.

துண்டு அறையில் வாலுவும் சுருட்டையும் ஆடிப் பழகினார்கள். அண்ணிக்கு எதிரில் நெட்டை என்று ஒருவர் மடிக்க வந்தார். கொடிக்கம்பத்தோடு மடிப்பது மாதிரி இருந்தது. அவர் முனையைக் கொடுக்கும்போது அது அவள் நெற்றிக்கு மேலே எங்கேயோ வந்து நின்றது. பேச்சும் கிட்ட வரும் ஒவ்வொரு தடவையும் அவருடைய முழங்கால் வலியைப் பற்றியே. திறந்திருந்த கதவு வழியே அண்ணி அவ்வப்போது பார்த்தாள். மேலே பத்து விரல்கள், நடுவில் வெள்ளைச் சுவர், கீழே இரண்டு நிறப் பாதங்கள். அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த இடம் தனக்கு வேண்டும் என்று அவளுக்கு இப்போது தெளிவாகவே தெரிந்துவிட்டது. மேடை, கைதட்டல் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். வாலுவுக்கு எதிரில் நிற்பவள் நான், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் முடித்த கையோடு பயந்த முகத்தோடு வேலைக்கு வந்த அந்தப் பெண் தன் முதல் காதலையும், அது புட்டுக்கொண்டதையும், அண்ணனிடம் மறைத்து அழுததையும் ஒவ்வொரு மூச்சாக இந்த மடிப்புகளுக்கு நடுவில்தான் இறக்கிவைத்தாள். வீட்டில் ஒரே மேசையில் உட்கார்ந்தும் அவர்களுக்கு அப்படிப் பேச வந்ததில்லை.

ஆனால் எப்படிக் கேட்பது. கேட்டுப் பழக்கம் இருந்தால் அல்லவா. அவர்களே தன்னிடம் மறுபடி கேட்கும்படி செய்ய அவள் ஆனமட்டும் பார்த்தாள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த வாலுவிடம் போய், இவ்வளவு ஊர் சுத்தும்போது கூட ஒரு பெரியவங்க இருந்தா நல்லதுதானே என்று காற்றில் விட்டுப் பார்த்தாள். கம்பெனியில் ஒரு அம்மா கூடவே வருகிறார்களாம், கவலைப்பட வேண்டாம் என்று வாலு சமாதானம் சொன்னாள். இன்னொரு நாள், எனக்கும் ரயிலில் போய் எவ்வளவு நாளாச்சு என்று பெருமூச்சு விட்டாள். அதைக் கேட்டுவிட்டு மெக்கானிக், வருகிற விடுமுறையில் பக்கத்து ஊருக்கு ரயிலில் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்தான். வேறு என்ன செய்ய. அவள் சிரித்தாள். உண்மையில் சிரிப்பு வந்தது. தூண்டிலைப் போட்டால் செருப்பு செருப்பாக வந்துகொண்டிருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மேடை ஒத்திகை. கம்பெனி வாங்கிவைத்திருந்த பளபளப்பான விரிப்பு கையில் நிற்காமல் வழுக்கியதால், சலவைக்கூடத்து விரிப்பே ஒன்று வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். அண்ணி நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, இஸ்திரிச் சூடு ஆறுவதற்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

பெரிய மண்டபம். நாற்காலிகள் எல்லாம் காலி. அண்ணியை முதலில் திடுக்கிட வைத்தது அங்கிருந்த அமைதிதான். மெஷின் இல்லை. மேடையில் வாலு இருமினால் கடைசி வரிசையில் கேட்டது. சுருட்டை ஓடிவந்து விரிப்பை வாங்கிக்கொண்டு, சூடா இருக்கு அண்ணி என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இருவரும் ஒருமுறை முழுதாக ஆடினார்கள். அழகாக இருந்தது. அண்ணி நடு வரிசையில் உட்கார்ந்து மனதாரக் கைதட்டினாள்.

அப்புறம் சுருட்டையை உடை அளவு பார்க்க உள்ளே கூப்பிட்டார்கள். விளக்குக்காரர் மேலேயிருந்து, இன்னும் வெளிச்சம் சரியாகவில்லை, யாராவது அந்த இடத்தில் நின்றால் தேவலை என்றார். வாலு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“அண்ணி, கொஞ்சம் வந்து பிடிங்க.”

அவள் மறுக்க வாயெடுத்தாள். ஆனால் கால்கள் அதற்குள் படியேறிவிட்டன. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். முனைகளை வாங்கிக்கொண்டாள். கைகளைத் தூக்கினாள், குதிகாலை உயர்த்தினாள். வெள்ளைச் சுவர் எழுந்தது. அதன் மேல் விளக்கு விழுந்தபோது துணி முழுவதும் பால் மாதிரி நிரம்பி, அவள் அந்தப் பாலுக்குள் நின்றாள். இவ்வளவு வெளிச்சத்தை அவள் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை. பின்னால் நிற்பவருக்கு மட்டும் தெரிகிற வெளிச்சம் போலிருந்தது.

“அப்படியே இருங்க. இப்ப கிட்ட வாங்க,” என்றார் விளக்குக்காரர்.

பாட்டு இல்லாமலே இருவரும் நடந்தார்கள். நொண்டல் தாளம் காலில் இருந்தது. முனையும் முனையும் சேர்ந்தன. வாலுவின் முகம் அருகில் வந்தது. மூக்கு நுனியில் பவுடர் திட்டாக ஒட்டியிருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். விளக்குக்காரர், அசையாதீங்க, இதே இடத்துல கொஞ்ச நேரம், என்றார். ஒரு மூச்சு நேரம் போனது. இன்னொன்றும் போனது. அண்ணிக்கு வியர்த்தது. நாலு விரல்கள் ஒரே முனையைப் பிடித்திருந்தன, அவளுடையது இரண்டு, வாலுவுடையது இரண்டு.

வாலு அவள் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன அண்ணி?”

“ஒண்ணுமில்ல,” என்றாள் அண்ணி. அது முதல் தடவை. அது அவளுக்கே கேட்டது. அவள் குதிகாலைத் தரையில் இறக்கினாள்.

“அன்னிக்கு ஒண்ணு கேட்டியே, வாலு. கடைசி ஷீட்டுல. அத இன்னொரு தடவ கேளேன்.”